மாரியில் சுரண்டி மாசியில் பூசுதல்: பழைய பொய்யிரைகளை வீட்டிலேயே சீராக்கும் முறை

திருகோணமலையில் பொழுதுபோக்காகவேனும் தூண்டில் போடுகிறவர்களின் வீட்டில் எங்காவது ஒரு மூலையில் பழைய பிஸ்கற் தகரம் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால், லூர் என்று கடையில் கேட்டு வாங்கிய பொய்யிரைகள் துருப்பிடித்த முட்களால் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு கிடக்கும். சீலா மீனின் பல் பட்டு முதுகில் நிறம் பெயர்ந்தது ஒன்று, கோணேசர் மலையடிப் பாறையில் மோதி மூக்குச் சிதைந்தது ஒன்று, உள்ளே தண்ணீர் புகுந்து குலுக்கினால் சலசலப்பது இன்னொன்று என்று அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காயம் இருக்கும். புதிதாக ஒன்று வாங்கும் விலையை நினைத்தால், இவற்றில் பாதியையாவது மீட்டெடுப்பது பெறுமதியான வேலை. அதற்குப் பட்டறையோ காற்றழுத்தக் கருவியோ தேவையில்லை. பின்லாந்தில் லவுரி றப்பலா 1936ஆம் ஆண்டில் செய்த முதற் பொய்யிரையே செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிவந்த பளபளப்புத் தாளை அதன்மேல் ஒட்டி, பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசிச் செய்ததுதான்.

வேலையைத் தொடங்குமுன் காலத்தைப் பற்றி ஒரு சொல். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்று கடலைக் கிளப்பிவிடுவதால் கையில் நேரம் நிறைய இருக்கும். ஆனால் நிறப்பூச்சுக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை. காற்றில் ஈரம் கூடிய நாளில் ஸ்பிரே வர்ணத்தை அடித்தால், காயும்போது குளிரும் பரப்பில் ஈரம் படிந்து, பூச்சு பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். ஆகவே கழற்றுதல், கழுவுதல், தேய்த்தல், ஓட்டை அடைத்தல் ஆகியவற்றை மாரியில் செய்துவைத்து, மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் மாசி, பங்குனியில் நிறம் பூசுவது என்று வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் மரத்தாலான பொய்யிரைகள் உள்ளீரம் முழுவதும் காய்வதற்கும் தேவைப்படும்.

எதைத் தொடுவது, எதை விடுவது

முதலில் தகரத்திலுள்ள அனைத்தையும் ஒரு பழைய துவாயின்மேல் பரப்பி, மரம், கடினப் பிளாஸ்ரிக், உலோகம் என்று மூன்றாகப் பிரியுங்கள். நகத்தால் தட்டிப் பார்த்தால் பிளாஸ்ரிக் உள்வெறுமையாக ஒலிக்கும், மரம் மந்தமாக ஒலிக்கும். உலோகத்தை எடையே காட்டிக்கொடுக்கும். அப்பாவின் அல்லது தாத்தாவின் காலத்து மரப் பொய்யிரை ஏதாவது கையில் வந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய பொய்யிரைகளைச் சேர்ப்பவர்கள் தேடுவது முதலில் பூசிய நிறத்தைத்தான். அது உரிந்திருந்தாலும் சரி. அதன்மேல் புது நிறத்தைப் பூசினால் பெறுமதி குறையுமே தவிரக் கூடாது. அத்தகையதை மென்மையாகத் துடைத்து அப்படியே வைத்திருப்பதுதான் முறை. கற்றுக்கொள்வதற்கு விலை குறைந்த, பலமுறை அடிபட்ட பிளாஸ்ரிக் பொய்யிரைகள் மூன்றோ நான்கோ போதும்.

நகைக்கடைகளில் இருப்பதுபோன்ற சிறிய மின்தராசு கிடைத்தால், ஒவ்வொன்றையும் முட்களுடன் நிறுத்து எடையை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைப் புதியவர்கள் எல்லோரும் தவிர்ப்பார்கள், நானும் தவிர்த்திருக்கிறேன். மிதக்க வேண்டிய பொய்யிரை ஒன்று இரண்டு தடித்த மேற்பூச்சுகளுக்குப் பின் கல்லைப்போல் தாழ்ந்தபோதுதான் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது.

கழற்றுதலும் கழுவுதலும்

முட்களைப் பிடித்திருப்பவை சாவிக்கொத்து வளையத்தைப்போல இரண்டு சுற்றாகச் சுருண்ட சிறு வளையங்கள். அவற்றைப் பிரிக்கவென்று நுனியில் பல்லுள்ள குறடு விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் மெல்லிய கத்தி நுனியைச் சுற்றுகளுக்கிடையே நுழைத்துப் பிரிக்கலாம், ஆனால் மறுகை முள்ளுக்கு நேரே இருக்கக் கூடாது. மூன்று கொக்கிகள் சேர்ந்த முள்ளாயின், நீங்கள் பிடிக்காத இரண்டு கொக்கிகளையும் துண்டுத் தக்கையில் குத்தி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். துருப்பிடித்த முள்ளைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். வளையங்களையும் சேர்த்து ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். மரப் பொய்யிரைகளில் திருகி இறக்கப்பட்டிருக்கும் கம்பிக் கண்களை மட்டும் கழற்றாதீர்கள். ஒருமுறை கழற்றினால் அந்தத் துளை பழைய பிடியைத் திரும்பத் தராது.

பின்னர் இளஞ்சூடான நல்ல தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிளாஸ்ரிக்கையும் உலோகத்தையும் ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிறஷால் வளையக் கண்களின் அடி, மூக்கின் கீழ் தகடுபோல் நீட்டியிருக்கும் உதட்டின் மூலை, செதில் வரிகள் எல்லாவற்றையும் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு எஞ்சியிருந்தால், பூசிய நிறம் அந்த இடத்தில் கொப்புளித்து எழும். மரத்தை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கறுத்துப்போன, கரண்டி வடிவ உலோகப் பொய்யிரைகளை வினாகிரியில் சில நிமிடம் வைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசினால் பளபளப்பு பெருமளவு மீளும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய நிறத்தைக் கரைக்கலாமென்று தின்னரையோ, நகப்பூச்சு நீக்கியையோ பிளாஸ்ரிக்கில் தொடாதீர்கள். நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் இருக்கும் அசிற்றோன், பொய்யிரைகள் செய்யப்படும் பிளாஸ்ரிக்கையே கரைத்துவிடும். நான் ஒருமுறை பஞ்சில் நனைத்து ஒரே ஒரு துடைப்புத் துடைத்தேன். கண்ணாடிபோல் தெளிவாக இருந்த உதடு அந்த நொடியிலேயே பனிமூட்டம் படிந்ததுபோல் மங்கி, மறுநாள் பார்க்கையில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் ஓடியிருந்தன. அந்தப் பொய்யிரை இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தல்

என் கணிப்பில், முழு வேலையிலும் பயன் மிகக் கூடிய பகுதி இதுதான். பிளாஸ்ரிக் பொய்யிரை இரண்டு அரை ஓடுகளைச் சேர்த்து ஒட்டியது. அதை மிதக்க வைப்பது உள்ளே அடைபட்ட காற்று. மூட்டில் ஊசிமுனை அளவு விரிவு ஏற்பட்டாலும் தண்ணீர் புகுந்து, எடை கூடி, நீந்தும் விதமே மாறிவிடும். சரியாக நீந்தாத ஒன்றுக்கு எவ்வளவு அழகாக நிறம் பூசினாலும் அது தகரத்துக்குத்தான் திரும்பி வரும்.

அகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில், விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் அளவு சூடான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர் கூடாது, அது பிளாஸ்ரிக்கை வளைத்துவிடும். குறடால் பொய்யிரையின் கண்ணைப் பிடித்து முழுவதும் அமிழ்த்தி, அசையாமல் வைத்திருங்கள். உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிவதால், ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் கட்டியதுபோல் மேலே எழும். பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றும் தொடக்கத்தில் ஓரிரண்டு குமிழிகளை விடும் என்பதால், ஒரே புள்ளியிலிருந்து தொடர்ந்து வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள். அந்தப் புள்ளியைத் தண்ணீருக்குள் இருக்கும்போதே கண்ணால் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்தவுடன் பென்சிலால் வட்டமிடுங்கள். வயிற்றில் முள் தொங்கும் கண்ணின் அடியும் உதடு உடலோடு சேரும் மூலையும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

உள்ளே ஏற்கெனவே தண்ணீர் இருந்தால், வயிற்றுப் பக்கத்தில் 1 மில்லிமீற்றர் துளையிட்டு, உதறி வடித்து, துளை கீழ்நோக்கி இருக்குமாறு நிழலில் சில நாள் தொங்கவிடுங்கள். அவசரப்பட்டுத் தகரக் கூரையில் வெயிலில் வைத்தால், காற்று விரிந்து மூட்டு முழுதாகப் பிளந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின், துளையிலும் ஓட்டையிலும் சூப்பர் குளூ ஒரு துளி விட்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைத் தூவினால் சில நொடிகளில் கல்லாக இறுகும். அப்போது சூடும் புகையும் எழும், முகத்தை அருகில் வைக்காதீர்கள். இறுகியதைத் தேய்த்து மட்டமாக்கி, மீண்டும் வெந்நீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி நின்றால்தான் அடுத்த வேலை.

மரத்தில் வெடிப்பிருந்தால், முழுவதும் காய்ந்தபின், இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் எபொக்சிக் களிம்பால் நிரப்பி, வெறுமரம் தெரியும் இடமெல்லாம் மெல்லிய எபொக்சிப் பூச்சு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

தேய்த்தல்

பழைய நிறம் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. பெயர்ந்த இடங்களின் விளிம்பை 220 இலக்கத் தேய்ப்புத்தாளால் சரிவாக்கி, பின் 400 இலக்கத் தாளைத் தண்ணீரில் நனைத்து முழு உடலையும் பளபளப்புப் போகும் வரை தேய்த்தாலே புதுப்பூச்சு பிடித்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் படி எதுவும் நிறத்துக்குப் பின் இரண்டு மடங்காகத் தெரியும். ஈயத்தால் வார்த்தவற்றை ஒருபோதும் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், ஈயத்தூள் நஞ்சு. கையுறையுடன் நனைத்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரைச் சமையலறையில் ஊற்றாமல், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முடிவில் உதட்டை முகமூடி நாடாவால் சுற்றி மூடி, உடலைச் சுத்தமான துணியால் துடைத்தபின் விரல் படாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். கைப்பிசுக்கு பட்ட இடத்திலும் நிறம் நிற்காது.

நிறம்

பூசுவதற்கு முன் சந்தைக்குப் போய் ஒரு சூடையையோ கும்பளாவையோ வாங்கிக் கையில் வைத்துப் பார்ப்பது எந்தப் படத்தைப் பார்ப்பதையும்விட மேலானது. முதுகு கரும்பச்சையோ கருநீலமோவாக இருக்கும். பக்கவாட்டில் அது திடீரென்று முடியாமல் வெள்ளியில் கரைந்து இறங்கும். வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் ஆழத்தின் இருளோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் மீன் கலந்து மறைவதற்கான அமைப்பு இது. நீங்கள் செய்ய வேண்டியதும் இதே வரிசைதான்: முதலில் வெள்ளை, பிறகு வெள்ளி, கடைசியாக முதுகு.

முதற்பூச்சாகப் பிளாஸ்ரிக்குக்கு ஏற்ற வெள்ளைப் பிரைமரை, ஓர் அட்டைப்பெட்டியின் ஒருபக்கத்தைத் திறந்து அதனுள் பொய்யிரையைத் தொங்கவிட்டு, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து அடியுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும். முதல் தடவையில் அடிப்பரப்பு பாதி தெரிந்தால் அது சரியான பூச்சு. முழுவதும் மூடிவிட வேண்டுமென்ற ஆசையில் அடித்தால் வயிற்றில் கண்ணீர்த்துளிபோல் வழிந்து நிற்கும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, இடையிடையே காயவிடுதல். இவ்வளவுதான் இரகசியம். எல்லாப் பூச்சுகளுக்கும் ஒரே வகை வர்ணத்தை வைத்துக்கொள்வதும் நல்லது. காயாத எனாமலின்மேல் கடுமையான லக்கர் விழுந்தால் அடிப்பூச்சு சுருங்கி, வெயிலில் கிடந்த பப்பாளித் தோல்போலாகும்.

செதில் போடுவது எல்லோரும் விரும்பிச் செய்யும் கட்டம். கிழிந்த நுளம்பு வலையில் உள்ளங்கையளவு வெட்டி, வெள்ளிப் பூச்சு நன்றாகக் காய்ந்த உடலின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றி, வயிற்றுப் பக்கத்தில் உடுப்புக் கிளிப்புகளால் இறுக்குங்கள். வலை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நெல்மணி இடைவெளி இருந்தாலும் அங்கே நிறம் புகைபோல் பரவிச் செதில் மறைந்துவிடும். மேலிருந்து முதுகை நோக்கிச் சாய்வாக முதுகு நிறத்தை இரண்டு குறுகிய வீச்சுகள் அடித்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வலையை இழுக்காமல் நேராகத் தூக்குங்கள். முதுகில் அடர்ந்தும் பக்கங்களில் ஐதாகியும் செதில் வரிசைகள் நிற்கும். வலையைக் கழுவிவிட்டால் மறுபடி பயன்படும்.

செவுளுக்குப் பின்னுள்ள கரும்பொட்டுகளுக்கு ஈர்க்கில் நுனி போதும். கண்ணுக்கு ஆணித்தலையை மஞ்சள் வர்ணத்தில் தொட்டுச் செங்குத்தாக ஒற்றி, காய்ந்தபின் அதைவிடச் சிறிய ஆணியால் நடுவில் கறுப்பு ஒற்றுங்கள். தூரிகையால் வட்டம் வரைய முயன்றால் இரண்டு கண்ணும் இரண்டு திசை பார்க்கும். வரி போட நிரந்தர மைப் பேனாவைப் பயன்படுத்த வேண்டாம். மேற்பூச்சு படும்போது அந்த மை கசிந்து ஓடும்.

எந்த நிறம் என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது. வைகாசி முதல் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது வெள்ளி, நீலம், பச்சை போன்ற இயற்கை நிறங்கள் போதும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடா மழைக்குப்பின் கலங்கியிருக்கும்போது, மஞ்சள்பச்சையோ செம்மஞ்சளோ கறுப்பு முதுகோடு எடுப்பாகத் தெரியும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் ஓடும் பொய்யிரையில் சிவப்பு வெறும் கருமையாகவே தெரியும்; மேலோட்டமாக ஓடுவதில் செவுளடியில் ஒரு சிவப்புக் கீற்று வைப்பதற்குத் தடையில்லை. இதற்குமேல் நிறத்தைப் பற்றிக் கடற்கரையில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு முடிவே கிடையாது. நடையும் ஆழமும் சரியாக இருந்தால் பாரை மீன் நிறம் பார்த்துப் பேரம் பேசுவதில்லை என்பது என் அனுபவம்.

மேற்பூச்சு

நிறம் குறைந்தது ஒரு நாள் காய்ந்தபின், சீலாவின் பல்லுக்கு ஈடுகொடுக்க எபொக்சி மேற்பூச்சு தேவை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிர்த்து, 30 நிமிடமோ அதற்குமேலோ வேலைநேரம் தரும் வகையை வாங்குங்கள். அவசர வகை பூசி முடியுமுன்பே நூலிழுக்கும், பின்னர் விரைவில் மஞ்சளும் ஆகும். பொதியில் குறித்த அளவில் இரண்டு பாகங்களையும் எடுத்து இரண்டு நிமிடம் ஆறுதலாகக் கலக்குங்கள். அளவு பிசகினால் பூச்சு என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு ஒரு குறிப்பு: கலந்ததைக் குவளையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே விரைந்து இறுகும், தட்டையான மூடியில் பரப்பி வைத்தால் நேரம் கூடும். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது என்பதால் கையுறை கட்டாயம்.

மென்மையான தூரிகையால் மெல்லியதாகப் பூசி, குமிழி தெரிந்தால் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டைச் சில நொடி காட்டினால் அவை உடைந்துவிடும். அதன்பின் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். மூக்குக் கண்ணால் தொங்கவிட்டு மூன்று நிமிடம், வால் கண்ணால் தலைகீழாக மூன்று நிமிடம் என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டால்தான் பூச்சு ஒருபக்கம் திரளாமல் நிற்கும். தேநீருக்கு எழுந்து போனால் வால்நுனியில் ஒரு துளி இறுகியிருக்கும். தொடுவதற்கு 24 மணி நேரமும், கடலில் இறக்குவதற்கு ஒரு வாரமும் பொறுங்கள். மோட்டார் வாகனங்களுக்கு அடிக்கும் இரண்டு பாகத் தெளிவுப்பூச்சை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாய்க்குக் கெடுதி, வீட்டில் அடிப்பதற்கானதல்ல.

மீண்டும் முள் பூட்டுதல்

உதட்டு நாடாவை உரித்து, கம்பிக் கண்களில் அடைத்த எபொக்சியைச் சூடான ஊசியால் திறந்து, உப்புநீருக்கேற்ற துருப்பிடியா முட்களையும் புதிய வளையங்களையும் பழைய அளவிலேயே பூட்டுங்கள். இப்போது கொப்பியைத் திறந்து மறுபடி நிறுங்கள். நான் கடைசியாகச் செய்த ஒன்று 17 கிராமிலிருந்து 18 ஆகியிருந்தது, மிதந்தது. அதைவிடச் சிறியதற்கு அதே ஒரு கிராம் கூடினால் நான் கவலைப்படுவேன். அப்படியானால் மூன்று கொக்கி முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போட்டு எடையைக் குறைக்கலாம். பிடித்த மீனைக் கழற்றவும் அது இலகு.

வாளித் தண்ணீரில் மிதக்கிறதா, ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்த்தபின், காற்றில்லாத காலையில் உட்துறைமுகக் கரையில் நின்று, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எறிந்து இழுத்துப் பாருங்கள். நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைத் தீவுச் சூழல் 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா, அங்கே சோதனைக்குக்கூடத் தூண்டிலை இறக்கக் கூடாது. பொய்யிரை உங்களை நோக்கி வரும்போது உங்கள் வலப்பக்கமாக ஒதுங்கினால், அதன் மூக்கை உங்களை நோக்கிப் பிடித்து, தங்கூசி நூல் கட்டும் கம்பிக் கண்ணைக் குறடால் இடப்பக்கம் மயிரிழை அளவு வளையுங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம் வளையுங்கள். வளைத்தது கண்ணுக்குத் தெரிந்தால் கூடிப்போய்விட்டது என்று பொருள். ஒருமுறை வளைத்து ஒருமுறை எறிந்து பார்ப்பது என்று போனால், நாலைந்து எறிதலில் நேராக வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தபின், தகரத்துக்குள் வைக்கும்போது றப்பர்போன்ற மென்பிளாஸ்ரிக் இரைகளோடு மட்டும் சேர்த்துப் போடாதீர்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த இளக்கி கசிந்து, புதுப் பூச்சையும் அடிப் பிளாஸ்ரிக்கையும் சேர்த்தே உருக்கி, இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும்.